அரசமைப்பின் 152ஆவது பிரிவில் மலாய்க்காரர்கள் பெயர் இருக்கிறது. செமாக்காவ்காரர்களிடம் யார் கேட்டது?

தெலுக் பிளாங்கா வாசி | ஞாயிறு, இரவு 9.10

எங்கள் புளோக்கில் நாலாவது மாடியில் ஒரு மலாய் மூதாட்டி இருக்கிறார். இருபது வருடமாக அவரை மக்சிக் (மலாயில் அத்தை மாதிரி) என்றுதான் கூப்பிடுகிறேன். போன வாரம் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, பூந்தொட்டியைத் தொங்கவிட நைலான் கயிற்றில் உறி பின்னிக்கொண்டிருந்தார். கயிற்றின் ஒரு முனை கால் பெருவிரலில் மாட்டியிருக்கிறது. ஒரு கை இழுக்க, இன்னொரு கை முடிச்சுப் போடுகிறது. கண் முழுக்க என் மேல்தான், பேச்சும் நிற்கவில்லை. ஒரு முடிச்சுக்கும் அடுத்த முடிச்சுக்கும் இடைவெளி மட்டும் அளந்து வைத்த மாதிரி இருந்தது.

"எங்கே கத்துக்கிட்டீங்க மக்சிக்?" என்றேன். "செமாக்காவ்" என்றார்.

செமாக்காவ் என்றதும் எனக்குக் குப்பைதான் ஞாபகம் வந்தது. சிங்கப்பூரில் நாம் வீசும் குப்பையை எரித்துச் சாம்பலைக் கொண்டுபோய்க் கொட்டும் தீவு. 1999 ஏப்ரலில் திறந்தார்கள். கடலில் 7 கிலோமீட்டர் கரை கட்டி, செமாக்காவையும் பக்கத்திலிருந்த செக்கிங் தீவையும் இணைத்தார்கள். 2035 வாக்கில் அதுவும் நிரம்பிவிடும் என்கிறார்கள். இதெல்லாம் பிள்ளைகளின் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. அங்கே ஒரு ஊர் இருந்தது, எழுபதுகளில் அந்த ஊரைத் தெலுக் பிளாங்கா, புக்கித் மேரா பக்கம் அடுக்குமாடிகளுக்குக் கொண்டுவந்தார்கள் என்பது, இருபது வருடம் அதே ஊர்க்காரருக்குப் பக்கத்தில் குடியிருந்த எனக்கே தெரியாது.

"போகச் சொல்லும்போது உங்களைக் கேட்டாங்களா?" என்றேன். "சொன்னாங்க" என்றார். கேட்டதற்கும் சொன்னதற்கும் உள்ள தூரம் அன்று ராத்திரி என்னைத் தூங்க விடவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பழங்குடி மக்களின் உரிமைகள் பற்றிய ஐநா பிரகடனம் 2007 செப்டம்பர் 13 அன்று நிறைவேறியது. ஆதரவு 144, எதிர்ப்பு 4, நடுநிலை வகித்தவை 11. சிங்கப்பூர் ஆதரித்தது. நம் அரசமைப்புச் சட்டத்தின் 152ஆவது பிரிவோ, அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பிருந்தே, மலாய்க்காரர்கள் இந்நாட்டின் பூர்வகுடிகள் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. ஆசியாவில் எத்தனை நாடு இப்படி எழுதி வைத்திருக்கிறது? அப்படியென்றால் மிச்சச் சட்டங்களும் அந்தப் பிரகடனத்தோடு ஒத்துப்போக வேண்டும்தானே? எங்கே ஒத்துப்போகிறது, எங்கே இடிக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

உட்லண்ட்ஸ்காரன் | ஞாயிறு, இரவு 9.48

நல்ல மனசோடுதான் எழுதியிருக்கிறீர்கள் அண்ணே. ஆனால் எனக்கு இதில் ஒரு பயம் உண்டு, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த அப்பாவும் ஒரு நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்கு வந்தவர்தான். புக்கித் ஹோ சுவீயில் சீனர்கள் இடம் மாறினார்கள், கேலாங் சிராயில் மலாய்க்காரர்கள் மாறினார்கள், நாமும் மாறினோம். இந்த நாட்டில் ஒருவரை மட்டும் பிடுங்கி நட்டதாகச் சொல்ல முடியாது.

"இவர் மண்ணுக்குச் சொந்தக்காரர், அவர் பின்னால் வந்தவர்" என்று சட்டத்தில் கோடு போட ஆரம்பித்தால் 9 சதவீதம் இருக்கும் நம் கதி என்ன? பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவில் என் சித்தப்பா பிள்ளைகள் படிப்பிலும் வேலையிலும் என்ன பட்டார்கள் என்று கிட்ட இருந்து பார்த்தவன் நான். மார்க் இருந்தும் பல்கலைக்கழக இடம் கிடைக்காமல் என் தங்கச்சி முறையுள்ள பெண் மூன்று மாதம் அறையை விட்டு வெளியே வரவில்லை. அந்த மாதிரி இங்கே வேண்டாம். சமம் என்றால் எல்லாருக்கும் சமம்.

---

சட்டம் படித்தவள் | ஞாயிறு, இரவு 10.35

உட்லண்ட்ஸ் அண்ணன் பயத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் வாசி அண்ணன் கேட்டதற்கு.

பிரகடனம் ஒப்பந்தம் கிடையாது. கையெழுத்து, ஏற்புறுதி எதுவும் அதற்கு இல்லை. ஆதரித்து வாக்களித்தோம் என்பதற்காக யாரும் நம்மை நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது. ஒப்பந்தமே ஆனாலும், நாடாளுமன்றம் தனியாகச் சட்டம் இயற்றினால்தான் அது இங்கே சட்டமாகும். பழங்குடியினருக்கான அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 169ஆவது உடன்படிக்கை (1989) ஏற்ற நாடுகளைக் கட்டிப்போடக்கூடியது, அதில் நாம் இல்லை. ஆசியாவில் அதை ஏற்ற ஒரே நாடு நேப்பாளம்.

ஆனால் அதே பிரகடனத்தின் 38ஆவது பிரிவு, அரசாங்கங்கள் பூர்வகுடிகளோடு கலந்து பேசி, சட்டம் இயற்றுவது உட்பட வேண்டியதைச் செய்ய வேண்டும் என்கிறது. கை தூக்கியவர்கள் இதற்கும் சேர்த்துத்தான் தூக்கினார்கள்.

இப்போது 152. இதை மனப்பாடமாகச் சொல்கிறவர்களும் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. மலாய்க்காரர்களின் எந்தெந்த நலன்களைப் பாதுகாத்து வளர்க்க வேண்டும் என்று அதில் ஒரு பட்டியல் உண்டு: அரசியல், கல்வி, சமயம், பொருளாதாரம், சமூகம், பண்பாடு, மலாய் மொழி. திரும்பப் படித்துப் பாருங்கள். நிலம் இல்லை. கடல் இல்லை. பிரகடனத்திலோ 25ஆவது பிரிவிலிருந்து 32ஆவது பிரிவு வரை பெரும்பாலும் நிலம், நீர், கரையோரக் கடல் பற்றியதுதான். இடிக்கிற இடம் இதுவே.

பட்டியலில் இருப்பவற்றுக்கு நாம் செய்தது குறைவில்லை. முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம் 1966-இல் வந்தது, முயிஸ் என்ற இஸ்லாமிய சமய மன்றம் 1968-இல் அமைந்தது. தேசிய மொழி மலாய். பாராட்ட வேண்டியதைப் பாராட்டத்தான் வேண்டும்.

நிலத்தின் கதை வேறு. மலேசிய அரசமைப்பின் 13ஆவது பிரிவு, போதிய இழப்பீடு இல்லாமல் எவருடைய சொத்தையும் எடுக்கக் கூடாது என்கிறது. 1965-இல் நாம் பிரிந்து வந்தபோது மலேசிய அரசமைப்பின் பல பிரிவுகளைக் கையோடு எடுத்து வந்தோம், இந்த 13-ஐ மட்டும் வேண்டுமென்றே விட்டு வந்தோம். அடுத்த வருடம் நில எடுப்புச் சட்டம் 1966. சந்தை விலையில் இழப்பீடு என்ற விதி அதில் 2007-இல்தான் வந்தது. வீடு கட்ட நிலம் வேண்டியிருந்தது, இருந்ததோ இத்தனூண்டு தீவு. அந்தக் காரணத்தை நான் மறுக்கவில்லை. அந்த வீடு ஒன்றில்தான் நானும் வளர்ந்தேன்.

---

செராங்கூன் வாசகி | ஞாயிறு, இரவு 10.52

ஒரு சந்தேகம். செமாக்காவ்காரர்கள் ஓராங் லாவுட்டா, மலாய்க்காரர்களா? இரண்டும் ஒன்றா?

---

ஏடு புரட்டுபவர் | ஞாயிறு, இரவு 11.20

செராங்கூன் அக்கா, கடலிலேயே வாழ்ந்து, படகையே வீடாக வைத்திருந்த பல குழுக்களுக்குப் பொதுப்பெயர் ஓராங் லாவுட். 1819-இல் ராஃபிள்ஸ் வந்து இறங்கியபோது இங்கே இருந்தவர்கள் சுமார் 1,000 பேர் என்பார்கள். அதில் பெரும்பான்மை இவர்கள்தான்: காலாங் ஆற்று முகத்தில் ஓராங் காலாங், வடக்கே ஓராங் செலேத்தார், சிங்கப்பூர் ஆற்றில் ஓராங் கிளாம், கெப்பல் பக்கம் மற்றவர்கள். காலாங் மக்களை அன்றைய மலாய்த் தலைவரான தெமெங்கோங், இப்போது மலேசியாவிலுள்ள ஜோகூரின் பூலாய் ஆற்றுக்கு மாற்றினார். அங்கே 1847-இல் அம்மை வந்து பெரும்பாலானோர் மாண்டார்கள். நாம் தினமும் ரயிலில் "காலாங்" என்று அறிவிப்புக் கேட்டு இறங்குகிறோமே, அது அவர்கள் பெயர்.

தெற்குத் தீவுகளில் இருந்தவர்களில் பலர் இந்த வழி வந்தவர்கள். காலப்போக்கில் பதிவேட்டில் எல்லாரும் "மலாய்" ஆனார்கள். அடையாள அட்டையில் வேறு கட்டம் இல்லை. சிலர் தங்களை மலாய் என்பார்கள், சிலர் ஓராங் லாவுட் என்பார்கள், இரண்டும்தான் என்பவர்களும் உண்டு. யார் தம்மவர் என்று முடிவு செய்வது அந்த மக்களின் உரிமை என்று பிரகடனத்தின் 33ஆவது பிரிவே சொல்லிவிட்டதால், நாம் இங்கே உட்கார்ந்து அதைத் தீர்ப்பது முறையாகாது.

ஒரு சின்ன விலகல். தமிழில் இதற்கு நமக்கு நிலையான ஒரு சொல் இல்லை. மலாய்க்காரர்களைப் பற்றி எழுதும்போது "பூர்வகுடி", நீலகிரியைப் பற்றி எழுதும்போது "பழங்குடி", பழைய பத்திரிகைகளில் "ஆதிவாசி". ஆளுக்குத் தகுந்தபடி சொல்லையும் மதிப்பையும் மாற்றுகிறோமோ என்று எனக்கு நெடுநாளாக ஒரு உறுத்தல்.

---

ஜோகூர் பாலம் | திங்கள், காலை 5.05

பஸ்ஸுக்கு நிற்கும்போது படித்தேன், பாலத்தில் நெரிசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் ஜோகூர்க்காரன், தினமும் இந்தப் பக்கம் வந்து போகிறவன்.

நீங்கள் எல்லாரும் தீவைப் பற்றியே பேசுகிறீர்கள். உங்கள் வீட்டுக் குழாயைத் திறந்து பாருங்கள். ஜோகூர் ஆற்றுத் தண்ணீர் உங்களுக்கு வருகிறதே, வறட்சிக் காலத்தில் கடல் உப்பு ஆற்றில் ஏறி வராமல் இருக்க மேலே ஓர் அணையிலிருந்து நீர் திறந்துவிடுகிறார்கள். லிங்கியூ அணை. 1990-இல் சிங்கப்பூருக்கும் ஜோகூருக்கும் ஒப்பந்தமாகி, சிங்கப்பூர் செலவில் கட்டியது. நிலத்துக்கும் காட்டு மரத்தில் வரக்கூடிய வருமானத்துக்கும் ஈடாக ஜோகூர் அரசுக்குச் சிங்கப்பூர் 320 மில்லியன் ரிங்கிட் கொடுத்தது. பேசியதைக் கொடுத்தது, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் அந்தக் காடு சும்மா கிடந்த காடா? ஜக்கூன் பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பிரம்பும் பழமும் எடுத்து வாழ்ந்த இடம், 53,000 ஏக்கருக்கு மேல். அவர்களுக்கு வந்தது பழமரத்துக்கும் குடிசைக்கும் பயிருக்கும் ஆன தொகை மட்டும். 1954ஆம் ஆண்டுப் பூர்வகுடி மக்கள் சட்டம் அவ்வளவுதான் கட்டாயமாக்கியிருந்தது. நிலத்துக்கு, மாநில அரசு விரும்பினால் "கொடுக்கலாம்".

அடோங் பின் குவாவ் என்பவரும் இன்னும் 51 பேரும் வழக்குப் போட்டார்கள். கையில் பட்டா இல்லை, வேலி இல்லை, வரி கட்டிய ரசீது இல்லை. உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அந்தக் காட்டில் அவர்களுக்கு இருந்த உரிமை பொதுச்சட்டத்திலேயே (தீர்ப்புகள் வழி வளர்ந்த சட்டத்தில்) உண்டு, அதைப் பறித்தது 13ஆவது பிரிவின்படி சொத்தைப் பறித்ததுதான் என்று சொல்லி, 26.5 மில்லியன் ரிங்கிட் கொடுக்கச் சொன்னது. பரம்பரை நிலம் போனதற்கும், காட்டு விளைச்சல் போனதற்கும், தங்களுக்கும் தங்கள் பிள்ளைகுட்டிகளுக்கும் வருங்கால வாழ்வு போனதற்கும் என்று பிரித்துக் கணக்குச் சொன்னது. 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் நம்மாள், நீதிபதி கோபால் ஸ்ரீராம்.

அவரே 2005-இல் சாகோங் தாசி வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனார். விமான நிலைய நெடுஞ்சாலைக்காக டெங்கிலில் தெமுவான் பூர்வகுடி மக்களின் நிலத்தை எடுத்த வழக்கு. அந்த 1954 சட்டத்தில் இருக்கும் இழப்பீடு "போதிய இழப்பீடு" என்றுதான் வாசிக்கப்பட வேண்டும், 13ஆவது பிரிவு அதைத்தான் கேட்கிறது என்றார். அந்தச் சட்டத்தை மனித உரிமைச் சட்டமாகவே பார்க்க வேண்டும் என்றும் எழுதினார். நாடாளுமன்றம் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. வாசித்த விதம் மாறியது, தெமுவான் குடும்பங்களுக்குக் கிடைத்ததும் மாறியது.

ஏடு புரட்டுபவர் சொன்ன ஓராங் செலேத்தார் இப்போது எங்கள் பக்கக் கரையில்தான் இருக்கிறார்கள். சுங்கை தெமோன், பாக்கார் பத்து. 2017-இல் ஜோகூர் பாரு உயர் நீதிமன்றம் அவர்களுடைய நில உரிமையை ஏற்றது. உங்கள் செலேத்தார் விமான நிலையத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள், உரிமை கேட்டு வழக்காட முடிந்தது இந்தக் கரையில்.

உட்லண்ட்ஸ் தம்பி, நீ சொன்ன வலி என் வீட்டிலும் உண்டு. என் மகனுக்கும் இடம் கிடைக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன் கேள். நீ பயப்படுகிறாயே, ஒதுக்கீடு தரும் மலேசிய 153ஆவது பிரிவு, அதில் மலாய்க்காரர்கள் உண்டு, சபா சரவாக் பூர்வகுடிகள் உண்டு. தீபகற்பத்தின் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி இல்லவே இல்லை. எல்லாருக்கும் முன்னால் இருந்தவன் பெயர் அந்தப் பிரிவில் இல்லை. நாம் பட்டதையும் அவர்கள் பட்டதையும் ஒரே முடிச்சில் போடாதே.

சோதனைச் சாவடி வந்துவிட்டது. பிறகு வருகிறேன்.

---

சட்டம் படித்தவள் | திங்கள், காலை 8.15

ஜோகூர் அண்ணன் எழுதியதை ரயிலில் நின்றபடி இரண்டு தடவை படித்தேன்.

அந்த 52 பேரை ஜெயிக்க வைத்தது எது என்று பாருங்கள்: 13ஆவது பிரிவு. நாம் விட்டு வந்தது அதே 13. ஜக்கூன் மக்களுக்கு அங்கே திறந்த கதவு, செமாக்காவ் மக்சிக்குக்கு இங்கே சுவராக இருக்கிறது. லிங்கியூ ஜக்கூன்களும் தெற்குத் தீவுக்காரர்களும் ஒரே மாதிரி பட்டா இல்லாமல் வாழ்ந்தவர்கள். நடுவில் இருப்பது ஒரு நீரிணை, ஒரு சட்டப்பிரிவு.

---

உட்லண்ட்ஸ்காரன் | திங்கள், மதியம் 12.40

ஜோகூர் அண்ணே, ஓராங் அஸ்லி 153-இல் இல்லை என்பது எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் "பூமிபுத்ரா" என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தேன்.

இருந்தாலும் கேள்வி நிற்கிறது. 2009-இல் நியமன உறுப்பினர் விஸ்வா சதாசிவன் நாடாளுமன்றத்தில் தேசிய உறுதிமொழியையும் இன சமத்துவத்தையும் பற்றித் தீர்மானம் கொண்டுவந்தபோது, லீ குவான் இயூ எழுந்து 152-ஐத்தான் எடுத்துக்காட்டினார். சமத்துவம் இனிமேல் அடைய வேண்டிய இலட்சியம், மலாய்க்காரர்களின் தனிநிலையைக் கவனிப்பது அரசாங்கத்தின் கடமை என்ற பொருளில் பேசினார். அன்று எனக்கு மனசு சங்கடப்பட்டது. நம்மவர் ஒருவர் சமத்துவம் கேட்டதற்கு இப்படி ஒரு பதிலா என்று. தனிநிலையைக் கூட்டிக்கொண்டே போனால் சமத்துவம் எப்போது வரும்? என் தாத்தாவும்தான் இடம் மாறினார். அவரை யார் கேட்டார்கள்?

---

கோத்தகிரிப் பெண் | திங்கள், இரவு 11.30

இரவு ஷிஃப்டில் இடைவேளை. பத்து வருடமாக இங்கே தாதியாக இருக்கிறேன். இந்த மன்றத்தில் வாசிப்பேன், எழுதியதில்லை. உட்லண்ட்ஸ் அண்ணன் கேள்விக்காக எழுதுகிறேன்.

நான் குறும்பர். நீலகிரி, கோத்தகிரிக்குக் கீழே சரிவில் எங்கள் ஊர். எங்கள் வீட்டில் பேசும் மொழி தனி, பள்ளியில் படித்தது தமிழ், இங்கே என்னைப் பார்க்கிற எல்லாருக்கும் நான் "தமிழ் நர்ஸ்". அதில் எனக்குப் பெருமைதான்.

என் அப்பா பாறையில் தேன் எடுத்தவர். கொடியைத் திரித்து ஏணி செய்து, ராத்திரி பாறை உச்சியிலிருந்து இறங்குவார். மேலே ஏணியைக் காப்பது என் தாய்மாமா மட்டும்தான். வேறு யார் கையிலும் விட மாட்டார். கூட்டை முழுக்க எடுக்க மாட்டார்கள், தேனீ அடுத்த வருடமும் அதே பாறைக்கு வர வேண்டும். இறங்கும் முன்னால் பாட்டு உண்டு, அந்தப் பாட்டில் தேனீயிடம் கேட்பார்கள். கேட்டுவிட்டுத்தான் எடுப்பார்கள்.

அந்தக் காட்டில் தேன் எடுப்பது குற்றம் என்று ஒரு காலம் இருந்தது. 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தது. அதில் தேன் என்ற சொல்லே இருக்கிறது. சிறுவனப் பொருள்களில் தேனும் மெழுகும் எங்களுடையவை. கிராமசபைதான் உரிமைக்கோரிக்கையை முதலில் பார்க்க வேண்டும். காகிதம் இல்லாவிட்டால் ஊர்ப் பெரியவர்கள் சொல்லி எழுதிய வாக்குமூலமும் ஆதாரம் என்று விதியில் இருக்கிறது. அப்பா மனு கொடுக்கப் போனபோது ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவர், "பட்டா எங்கே, பழைய ரசீது எங்கே" என்று கேட்டார். காட்டில் எங்களை ரசீது எழுத விட்டவர்கள் யார்? அப்பா விதியைப் படித்தவர் இல்லை, திரும்பி வந்துவிட்டார். என் அண்ணன் விதியை அச்சடித்து எடுத்துக்கொண்டு மூன்று தடவை போனான். அதற்குள் உயர் நீதிமன்ற இடைக்காலத் தடை ஒன்றினால் தமிழ்நாட்டில் உரிமைச்சான்று வழங்குவதே வருடக்கணக்கில் நின்றுபோய், 2016-இல் உச்ச நீதிமன்றம் அதை விலக்கிய பிறகுதான் வேலை நகர்ந்தது. சான்று வரும்போது அப்பா இல்லை.

இதே சட்டம்தான் ஒடிசாவில் நியம்கிரி மலையைக் காப்பாற்றியது. பாக்சைட் வெட்டலாமா வேண்டாமா என்று அந்த மலையின் கிராமசபைகளையே கேளுங்கள் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 12 ஊர் கூடியது. 12 ஊரும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. இந்தியாவில் மேடை போட்டுக் கேட்டு, சொன்ன பதிலை அரசு ஏற்ற நிகழ்ச்சி அது. அன்று நான் நர்சிங் விடுதியில் இருந்தேன். செய்தியைப் படித்துவிட்டுக் குளியலறையில் போய் அழுதேன்.

அண்ணே, உங்கள் தாத்தாவையும் கேட்டிருக்க வேண்டும். அதில் எனக்கு உங்களோடு சண்டையே இல்லை. ஆனால் உங்கள் தாத்தா வீடு மாறினார். மாறிய மறுநாளும் அவருக்குத் தெரிந்த வேலை வேலையாகத்தான் இருந்தது. அந்த மக்சிக்குக்குக் கடலை எடுத்துவிட்டால், அவருக்குத் தெரிந்த எல்லாம் ஒரே நாளில் பொழுதுபோக்காகிவிட்டது. பூந்தொட்டிக்கு உறி பின்னுகிறார். என் அப்பா கடைசிக் காலத்தில் தேயிலைத் தோட்டத்தில் தினக்கூலிக்குப் போனார். பாறைப் பக்கம் பார்க்கவே மாட்டார்.

எங்களுக்கு உரிமை வந்ததால் கோத்தகிரியில் எந்தத் தமிழர் வீட்டுப் பிள்ளைக்கும் கல்லூரி இடம் போகவில்லை. நாங்கள் கேட்டது தேன்.

அழைப்பு மணி அடிக்கிறது, போகிறேன்.

---

மட்டுறுத்துநர் | செவ்வாய், காலை 7.30

இழை நல்லபடியாகப் போகிறது. அண்டை வீட்டார், உறவினர் பற்றி எழுதும்போது புளோக் எண்ணோ பெயரோ போட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

---

சட்டம் படித்தவள் | செவ்வாய், இரவு 9.05

கோத்தகிரி அக்கா, நீங்கள் எழுதியதற்குப் பிறகு சட்டம் பேசுவது சிரமமாக இருக்கிறது. ஆனாலும் பேசித்தான் ஆக வேண்டும்.

சட்டத்தை ஒத்துப்போகச் செய்வதற்கு உலகத்தில் பல வழி நடந்திருக்கிறது. பிலிப்பீன்ஸ், பிரகடனத்துக்குப் பத்து வருடம் முன்பே, 1997-இல் தனிச்சட்டம் போட்டு முன்கூட்டிய சம்மதத்தை எழுதி வைத்தது. கனடா 2007-இல் எதிர்த்து வாக்களித்த நான்கு நாடுகளில் ஒன்று. அதே கனடா 2021 ஜூனில் ஒரு சட்டம் இயற்றி, கூட்டரசுச் சட்டங்கள் அனைத்தும் பிரகடனத்தோடு பொருந்துவதற்கு வேண்டியதையெல்லாம் அரசாங்கம் பூர்வகுடிகளோடு கலந்து செய்தாக வேண்டும் என்று தன்னையே கட்டிக்கொண்டது. 2023-இல் செயல்திட்டமும் வந்தது. ஜப்பான் 2019 சட்டத்தில் ஐனு மக்களைப் பூர்வகுடிகள் என்று ஏற்றது. பண்பாட்டுக்குப் பணம் உண்டு, நில உரிமை இல்லை. நம் 152-ஐப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சட்டம்தான் ஞாபகம் வரும்.

கனடாவின் வழியை நான் விரும்புகிறேன். அதை அப்படியே இங்கே நடலாம் என்று சொல்லவில்லை. 13ஆவது பிரிவை மீட்டு வருவது பெரிய காரியம், இப்போதைக்கு நடக்கிற காரியமாகவும் தெரியவில்லை. ஆனால் 152-இன் பட்டியலில் "பண்பாடு" இருக்கிறது. கடலோடு பிறந்த பண்பாட்டைக் கடல் இல்லாமல் எப்படிப் பாதுகாப்பது? அந்த ஒரு சொல்லுக்குள் கரையும் மீனும் வலையும் வரும் என்று வாசிக்கலாம், சாகோங் தாசியில் வாசித்த மாதிரி. அதற்கு அரசமைப்பில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம்.

உட்லண்ட்ஸ் அண்ணனுக்கு: நாட்டின் எல்லையையோ ஒருமைப்பாட்டையோ குலைக்க எதுவும் இடம் தராது என்று பிரகடனத்தின் 46ஆவது பிரிவு சொல்கிறது. பல்கலைக்கழக இடம் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

---

உட்லண்ட்ஸ்காரன் | செவ்வாய், இரவு 10.20

கோத்தகிரித் தங்கச்சி, அப்பாவுக்காக வருந்துகிறேன்.

இன ஒதுக்கீடு என்று வந்தால் நான் எதிர்ப்பேன், அதில் மாற்றம் இல்லை. முன்கூட்டிக் கேட்பது என்றால் என் ஓட்டும் உண்டு. என் தாத்தாவுக்கும் சேர்த்து.

---

தெலுக் பிளாங்கா வாசி | வியாழன், இரவு 8.50

நாம் இத்தனை பேசினோம், மக்சிக்கிடம் யாரும் கேட்கவில்லையே என்று நேற்று சாயங்காலம் போய் உட்கார்ந்தேன். என் வீட்டு அடையும் கொண்டுபோனேன், அவர் தே ஓ (பாலில்லாத் தேநீர்) போட்டார்.

"உங்களுக்கு என்ன வேணும் மக்சிக்?" என்றேன். பணம் என்பார், வீடு என்பார், இல்லாவிட்டால் ஒன்றும் வேண்டாம் என்பார் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் "கோங்கோங்" என்றார். சேற்றுத்திட்டில் கிடைக்கும் சங்கு மாதிரி ஒரு நத்தை. அவித்து, ஓட்டின் நகத்தைப் பிடித்து இழுத்தால் கறி முழுசாக வெளியே வருமாம். சம்பலில் தொட்டுச் சாப்பிடுவார்களாம்.

சில வருடங்களுக்கு முன்னால் பேத்தியோடு செமாக்காவுக்குச் சுற்றுலா மாதிரி போயிருக்கிறார். முன்கூட்டிப் பதிந்து, குழுவோடு, வழிகாட்டியோடு. நீர் வற்றிய நேரம். காலுக்குக் கீழே கோங்கோங் கிடக்கிறது. குனிந்து ஒன்றை எடுத்திருக்கிறார். வழிகாட்டிப் பிள்ளை ஓடி வந்து, "பாட்டி, எதையும் எடுக்கக் கூடாது, இயற்கையைக் காப்பாத்தணும்" என்று மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறது. வைத்துவிட்டார். "சின்னதை எடுக்க மாட்டோம். விரலை விடப் பெருசா இருந்தாத்தான் எடுப்போம். அந்தப் பிள்ளைக்கு யார் சொல்லுவா?" என்றார். சுண்டுவிரலை நீட்டி அளவும் காட்டினார்.

அவர் கேட்பது இதுதான். அந்தத் தீவில் பிறந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் வருடத்தில் சில நாள், நீர் வற்றும்போது, தங்கள் கரையில் இறங்கித் தங்கள் முறைப்படி எடுக்க அனுமதி வேண்டும். கூடவே, அந்தச் சேற்றுத்திட்டில் என்ன செய்தாலும் முன்னால் தங்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

"மனு எழுதலாமா? எனக்குத் தெரிஞ்ச வக்கீல் பொண்ணு இருக்கு" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, தீவுக்காரர்களில் இன்னும் நாலைந்து பேர் உயிரோடு இருக்கிறார்கள், அவர்களிடம் பேசாமல் தான் மட்டும் சரி என்று சொல்ல முடியாது என்றார். ஞாயிற்றுக்கிழமை புளோக்கின் கீழே எல்லாரையும் வரச் சொல்லியிருக்கிறார்.

சட்டம் படித்தவள் தங்கச்சி, ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு வர முடியுமா? முதல் வரைவை மலாயிலேயே கொண்டு வாருங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். எல்லாரும் உட்கார்ந்து படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று சொல்வார்களாம்.

---

சட்டம் படித்தவள் | வியாழன், இரவு 9.02

வருகிறேன் அண்ணே. நாலு மணிக்கு முன்னாலேயே வந்துவிடுகிறேன். கடைசிப் பத்தியை எழுதாமல் விட்டு எடுத்து வருகிறேன், அதை அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளலாம்.